கவர் பண்ணுவது – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் பெயரைப் போடவேண்டாம், அத்தையும் உங்களை வாசிப்பவர்.

வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 7 வயது மகள். ஒன்பது இரவு. வாடகைக்கு வண்டி எடுத்து நாங்களே ஓட்டுவதாகத் திட்டம். மகனுக்கு அடுத்த வருடம் பி.எஸ்.எல்.இ. (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) என்பதால் இப்போது விட்டால் அப்புறம் நகர முடியாது. கணவர் போட்ட அட்டவணையை இணைத்திருக்கிறேன். ஒன்பது நாளில் தெற்குத் தீவை முழுக்கக் கவர் பண்ணிவிட முடியுமா? கேம்பர்வேன் நல்லதா, காரும் மோட்டலும் நல்லதா? அரிசிக் குக்கர், ஊறுகாய் எல்லாம் கொண்டுபோக விடுவார்களா? வெலிங்டனில் தமிழ் எழுத்து பொறித்த பழைய மணி ஒன்று இருக்கிறதாமே, ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிடலாமா? போவதற்கு முன் வாசிக்க ஒரு நல்ல பயண நூல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அத்தையை (கணவரின் அம்மா, 72 வயது) அழைத்துப்போவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. முப்பது வருடம் பள்ளி உணவகத்தில் கடை வைத்திருந்தவர். காரில் ஏறினால் அரை மணியில் தூங்கிவிடுவார். ‘நான் வந்து என்னத்தப் பாக்கப்போறேன்’ என்று அவரே சொல்கிறார். அவ்வளவு செலவு செய்து, அங்கே வந்தும் தூங்கினால்? தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

*

அன்புள்ள பொங்கோல் வாசகிக்கு,

பெயர் போடவில்லை. ஆனால் பள்ளி உணவகம், 72 வயது, பொங்கோல் என்று இத்தனையும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால் உங்கள் அத்தைக்குத் தெரியாமலா போகும்? தெரியட்டும் என்றுதான் ஒரு வரியையும் வெட்டாமல் போட்டிருக்கிறேன்.

எங்கே தங்கலாம், எதைச் சாப்பிடலாம் என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கெல்லாம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன ஞாயிறு காலை புக்கித் தீமா சாலைக்கு மேலே இருக்கும் பழைய ரயில் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். கறுப்பு இரும்புப் பாலம், பார்த்திருப்பீர்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு ரயில் வருவது நின்றது. இப்போது அது நடைபாதை. கல்யாண உடையில் ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நகரட்டும் என்று ஓரமாக நின்றபடி நான் வேறொரு பாலத்தையும் என் அப்பாவையும் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால் ‘அத்தையைக் கூட்டிப்போவதா வேண்டாமா’.

முதலில் சில்லறைக் கேள்விகள். குக்கரைக் கொண்டுபோங்கள். ஊறுகாயானாலும் சுண்டலானாலும் சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும் நாட்டுக்குள் நுழைவதற்கான படிவத்தில் ‘இருக்கிறது’ என்று எழுதிவிடுங்கள். எழுதினால், கூடிப்போனால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள். எழுதாமல் மாட்டினால் நின்ற இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேனும் கறிவேப்பிலையும் வேண்டவே வேண்டாம். செருப்பு, ஷூ அடியில் மண் ஒட்டியிருந்தால்கூடக் கேட்பார்கள், கழுவிக்கொண்டு போங்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும், பயம் வேண்டாம். பயண நூல் எதுவும் படிக்காதீர்கள். படித்துவிட்டுப் போனால் அந்த ஆள் பார்த்ததைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மணி விஷயம். அதைப் பற்றி வாட்சாப்பில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழன்.’ ஏனம்மா, நீங்களுமா? 1830-களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வடக்குத் தீவில் மாவோரிகளிடம் அதைப் பார்த்தார். மணியின் மேல்பகுதிதான் மிச்சம், ஒரு சாண் உயரம்கூட இல்லை. முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. இன்று அது வெலிங்டன் தே பாபா அருங்காட்சியகத்தின் சொத்து. இவ்வளவுதான் விஷயம். மணி போய்ச் சேர்ந்தது என்றால் மணி போய்ச் சேர்ந்தது. அதன் சொந்தக்காரரும் போய்ச் சேர்ந்தார் என்று ஆகிவிடாது. உடைந்த கப்பலோடு மிதந்திருக்கலாம், பத்துக் கை மாறியிருக்கலாம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. மாவோரிப் பெண்கள் அந்த மணியைக் கவிழ்த்துவைத்து அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு கடலில் நேரம் சொன்ன மணி, கடைசியில் நாலு பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. அதற்காகத் தெற்குத் தீவிலிருந்து மூன்றரை மணி நேரம் கப்பலில் போய் ஒரு நாளைத் தொலைக்கவேண்டாம்.

இனி உங்கள் கணவரின் அட்டவணை.

அவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் வண்ணம் கொடுத்திருக்கிறார். கழிப்பறைக்குக்கூட பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். மொத்தம் பதினேழு இடம். நான் கூட்டிப் பார்த்தேன், சுமார் 2,800 கிலோமீட்டர் வருகிறது. ஒன்பதால் வகுத்தால் நாளுக்கு 300-க்கு மேல். மேற்குக் கோடித் துவாஸிலிருந்து கிழக்குக் கோடிச் சாங்கிக்கு ஒரு நாளில் மூன்று தடவை போய் மூன்று தடவை வருவதற்குச் சமம். அதுவும் நம் விரைவுச்சாலையில் இல்லை. அங்கே ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு, ஆனால் பெரும்பாலான சாலைகளில் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். மலையில் ஏறினால் கொண்டை ஊசி வளைவு. ஆற்றுக்கு ஆறு ஒற்றைத்தடப் பாலம். கூகுள் நாலு மணி நேரம் என்று சொன்னால் குழந்தைகளோடு ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளைப் பாருங்கள். காலை பத்தரைக்கு கிரைஸ்ட்சர்ச், பன்னிரண்டு மணிக்கு வண்டி, 225 கிலோமீட்டர் ஓட்டி டெகாபோ ஏரி, ‘தேவாலயம் – 20 நிமிடம்’, அப்புறம் மேலும் 100 கிலோமீட்டர் ஓட்டி ஔராகி மலையடிவாரம். டிசம்பரில் அவர்கள் நம்மைவிட ஐந்து மணி நேரம் முன்னால். அங்கே பத்தரை என்றால் உங்கள் கணவரின் உடம்புக்கு விடியற்காலை ஐந்தரை. இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்தவர், வழக்கமாகச் சொந்தக் கார்கூட இல்லாதவர் (நம்மில் பலருக்கும் உரிமம் உண்டு, வண்டி கிடையாது), தெரியாத சாலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டப்போகிறாரா? பின்னால் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டா? இதில் எனக்கு விளையாட்டே இல்லை. முதல் இரவு கிரைஸ்ட்சர்ச்சிலேயே படுத்துத் தூங்குங்கள். இதை மட்டுமாவது கேளுங்கள். அங்கே டிசம்பரில் இருட்டவே ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிடும். ஏழு மணிக்குச் சரியாக இருட்டிப் பழகிய நமக்கு, வெளிச்சம் இருக்கும்வரை ‘இன்னும் நேரம் இருக்கிறதே’ என்று தோன்றும். உடம்பு எப்போதோ கடையைச் சாத்தியிருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் கடுப்பேற்றியது கிலோமீட்டர் இல்லை. ‘கவர் பண்ணிவிட முடியுமா’ என்று கேட்டீர்களே, அதுதான்.

இந்த வார்த்தை எப்போது நம் வாயில் வந்து உட்கார்ந்தது? என் அம்மா காலத்தில் ஓர் ஊருக்குப் போனால் ‘பார்த்துவிட்டு வந்தோம்’ என்பார்கள். கோயிலுக்கு ‘கும்பிட்டுவிட்டு வந்தோம்’. ஒன்றும் பார்க்காவிட்டாலும் ‘சும்மா போய் இருந்துட்டு வந்தோம்’ என்று ஒன்று உண்டு, அது ரொம்பப் பெரிய வார்த்தை. அப்புறம் ‘முடிப்பது’ வந்தது. ‘காலையில மூணு கோயில முடிச்சுட்டோம்.’ சாமி என்ன வீட்டுப்பாடமா? அதையும் தாண்டி இப்போது கவர். துணைப்பாட வகுப்பில் ‘இந்தப் பாடத்த கவர் பண்ணியாச்சா’ என்று கேட்பார்களே, அங்கிருந்து வந்ததுதான். அறிவியல் தாளுக்குப் படிப்பதுபோல ஒரு நாட்டைப் பார்க்கிறோம். எதுவும் விட்டுப்போகக் கூடாது, கேள்வி வந்தால் பதில் இருக்கவேண்டும். திரும்பி வந்ததும் கேள்வி கேட்கச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ‘மில்ஃபர்ட் போனீங்களா? போகலையா? ஐயோ, அதான் மெயினே!’

தமிழிலும் கவர் என்று ஒரு சொல் உண்டு. எடுத்துக்கொள்வது, பறித்துக்கொள்வது, மனத்தை இழுத்துக்கொள்வது. நீங்கள் ஊரைக் கவர் பண்ணுவதற்கும் ஊர் உங்களைக் கவர்வதற்கும் உள்ள தூரத்தை உங்கள் கணவரின் எக்செல் எந்தக் கட்டத்தில் போடும்?

நான் திட்டுவதைப் பார்த்து இவர் ஏதோ ஞானி என்று நினைக்கவேண்டாம். நானும் அட்டவணை போட்டவன்தான். பிளாஸ்டிக் உறை போட்டு, மழையில் நனையாதபடி.

2013 நவம்பர். நான், மனைவி, மகள், அப்பா. அதற்கு முந்தைய வருடம் அம்மா போய்விட்டார். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அப்பாவைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனேன். அவருக்கும் 72 வயது. அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்: ‘நான் வந்து என்னடா பண்ணப்போறேன்.’

அப்பா லாரி ஓட்டினவர். 1958-இல் பதினேழு வயதில் கெலிண்டானாக (லாரி உதவியாளாக) ஏறி, ஐந்து வருடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மூட்டை ஏற்றிப்போவார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது 1994-இல்தான். அதுவரை பழைய சாலை. கூலாய், ஆயர் ஈத்தாம், யொங் பெங், லாபிஸ், சிகாமட், கெமாஸ், தம்பின், சிரம்பான். எனக்கு இந்த ஊர்கள் தாலாட்டு மாதிரி மனப்பாடம். பத்து வயதில் ஒரு பள்ளி விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவின் வரைபடத்தில் ஊர் பெயர்கள் பேருக்குத்தான். ‘இங்க கோப்பி நல்லாருக்கும்.’ ‘இங்க டயர் கடைக்காரன் ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து வருவான்.’ ‘இந்த எறக்கத்துல ஏறின கியர்லயே எறங்கணும்.’

அந்த வழியில் ரயில் கேட்டுகள் உண்டு. எங்கோ லாபிஸ் தாண்டி ஒரு கேட் போட்டிருந்தான். நான் சலித்துக்கொண்டேன். அப்பா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இன்ஜினை அணைத்தார், கீழே இறங்கினார், முதுகை நெட்டி முறித்தார், காதில் செருகியிருந்த பாதி சிகரெட்டைப் பற்றவைத்தார். ரயில் போய் முடிந்து கேட் திறந்த பிறகும் கடைசி இழுப்பை இழுத்துவிட்டுத்தான் ஏறினார். ‘ஏம்ப்பா, ரயில் வந்தா உங்களுக்கு அவ்ளோ பிடிக்குமா?’ என்று கேட்டேன். ‘எங்க நின்னாலும் தவுக்கே கேள்வி கேப்பான். இதுக்கு மட்டும் கேக்கமாட்டான்’ என்றார்.

தவுக்கே என்றால் முதலாளி, உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மூட்டை விடியற்காலை ஆறுக்குள் இறங்கவேண்டும். தாமதமானால் ‘எங்க படுத்துத் தூங்கின?’ என்று கேட்டுச் சம்பளத்தில் பிடிப்பான். கேட் போட்டுவிட்டான் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வான். ரயில் அரசாங்கத்து ஆள். அதை எதிர்த்து ஒன்றும் சொல்லமுடியாது.

நியூசிலாந்தில் அப்பா மலையைப் பார்க்கவில்லை. நான் ‘அப்பா, அங்க பாருங்க, பனி’ என்று காட்டினால் பார்த்துவிட்டு ‘ம், நல்லாருக்கு’ என்பார். மறுபடி சாலைக்குத் திரும்பிவிடுவார். தாரின் மேல் சல்லியைத் தூவி அமுக்கியிருக்கிறான், அதனால்தான் இந்தச் சத்தம். எதிரே ஆடுகளை இரண்டடுக்காக ஏற்றிவந்த லாரிக்காரன் வளைவுக்கு எவ்வளவு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். ஒற்றைத்தடப் பாலத்தில் பெரிய வெள்ளை அம்பு போட்ட நீலப் பலகை நம் பக்கம் இருந்தால் நமக்கு முன்னுரிமை, சின்னச் சிவப்பு அம்பு என்றால் நாம் நிற்கவேண்டும். இந்த விதியை எனக்கு முன்னால் புரிந்துகொண்டவர் அவர்தான். நின்று வழிவிட்டால் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொல்வார். இரண்டாம் நாளிலிருந்து அப்பா பின் இருக்கையில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு லாரிக்கும் விரல் உயர்த்த ஆரம்பித்துவிட்டார். ‘அவங்களுக்கு நீங்க தெரியமாட்டீங்க தாத்தா’ என்றாள் மகள். ‘எனக்கு அவன் தெரியறானே’ என்றார்.

என் பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் அவருக்கு நிலைகொள்ளாது. ‘ஒதுங்கி விடு தம்பி, வயித்தெரிச்சலக் கொட்டிக்காத.’ (உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். ஒதுங்குவதற்கென்றே அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள்.)

ஆர்தர்ஸ் பாஸ் கணவாயைத் தாண்டி இறங்கும்போது ஓட்டிரா மேம்பாலம். 1999-இல் திறந்தது. மலையில் ஒட்டாமல் பள்ளத்தாக்கின் மேலேயே தூண் நட்டு இறக்கியிருக்கிறான். மேலே பார்வைமேடையில் நிறுத்தினோம். அட்டவணையில் பதினைந்து நிமிடம். அங்கே கியா என்ற பச்சைக் கிளி உண்டு, பனிமலையில் வாழும் கிளி. நிறுத்திய வண்டிகளின் ரப்பரைக் கொத்திப் பிய்ப்பதுதான் அதற்குத் தொழில். எங்கள் வண்டியின் கண்ணாடி ஓர ரப்பரை இழுத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்து அப்பா ‘இது நம்ம பட்டறை பையன்’ என்றார். அப்புறம் மேம்பாலத்தைப் பார்த்தபடி நின்றார். ‘இதுக்கு முன்னாடி எப்படிப் போனான்?’ என்று கேட்டார். கீழே கல் சரிந்து விழும் சரிவில், நெளிந்து நெளிந்து போன பழைய பாதையைக் காட்டினேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று மாலை கிரேமவுத் போகும் வழியில், குமாரா சந்திப்பைத் தாண்டித் தாராமகாவ் ஆறு. அதன் மேல் ஒற்றைத்தடப் பாலம். ஏறின பிறகுதான் கவனித்தேன், எங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்டவாளம். தெற்குத் தீவின் மேற்குக் கரையில் முக்கியமான தேசிய நெடுஞ்சாலை அது. ரயிலும் லாரியும் சைக்கிளும் எல்லாம் அந்த ஒரே தடத்தில். அப்பா முன்னால் எக்கி என் தோளைப் பிடித்தார்.

‘தண்டவாளத்து மேலயா போறோம்?’

‘ஆமாம்ப்பா.’

‘ரயில் வந்தா?’

‘நாமதான் நிக்கணும்.’

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எங்கள் கிராஞ்சி சாலையில் ரயில் கேட்டை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் நின்ற கேட்டுகளில் சிங்கப்பூர்ப் பக்கம் இருந்ததெல்லாம் போய்விட்டன. உலகத்தின் அடிக்கோடியில், சாலையையே ரயிலோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறான் ஒருவன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே குளித்து, கம்பளிக் குல்லாய் போட்டு உட்கார்ந்திருந்தார். அதே பாலம் வழியாகத்தான் தெற்கே இறங்கவேண்டும். ‘தம்பி, அந்தப் பாலத்துகிட்ட ஒரு அரை மணி நிக்கலாமா? ரயில் வருதான்னு பாப்போம்.’

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் கோபப்படவில்லை. பொறுமையாக, நியாயமாகத்தான் சொன்னேன். அதுதான் இன்னும் மோசம். ‘எப்ப வரும்னே தெரியாதேப்பா. இன்னிக்கு வருமோ என்னமோ. மதியத்துக்குள்ள பனியாத்துக்குப் போகணும், ஹெலிகாப்டருக்குப் பணம் கட்டியிருக்கு.’

‘சரி தவுக்கே’ என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பாலத்தை மெதுவாகவே கடந்தேன், அதை ஒரு சலுகை மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் அப்பா உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு கிரேமவுத்திலிருந்து 170 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மாவோரிப் பெயர் அழகானது, ஹினே ஹுகாடெரேயின் கண்ணீர் என்று பொருள். காதலனைப் பனிச்சரிவுக்குப் பறிகொடுத்தவளின் கண்ணீர் உறைந்து ஆறானதாம். முன்பெல்லாம் பள்ளத்தாக்கில் நடந்தே பனியின் மேல் ஏறலாம். பனி பின்வாங்கிப் பின்வாங்கி 2012-க்குப் பிறகு அதுவும் முடியாமல் ஹெலிகாப்டர்தான். நாங்கள் சரியாக மதியம் ஒரு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். மேகம் வண்டி நிறுத்துமிடம்வரை இறங்கியிருந்தது. மழை. மேற்குக் கரை மழையை நீங்கள் சாதாரணமாக எடைபோடவேண்டாம். நம் ஊரில் வருடம் முழுக்கப் பெய்தால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், மில்ஃபர்டில் ஆறு மீட்டரைத் தாண்டும். ஹெலிகாப்டர் ரத்து. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், நாணயமானவர்கள். மோட்டல் அறையில் மேகி மீ போட்டுச் சாப்பிட்டோம். மகள் கைப்பேசியில் மூழ்கினாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார். நான் ஜன்னலில் மழையைப் பார்த்தபடி ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கனி இருக்கக் காயைக் கவர் பண்ணிவிட்டு வந்திருந்தேன்.

அரை மணிதான் கேட்டார், என் கையில் ஐந்து மணி நேரம் இருந்தது.

நாளைக்குத் திரும்பிப் போகலாமா என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மறுநாள் கட்டத்தில் வனாகா இருந்தது. ஹாஸ்ட் கணவாய் வழியாக 285 கிலோமீட்டர், அதையும் கவர் பண்ணினோம். படங்கள் இருக்கின்றன. எல்லாப் படத்திலும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், லாரி உரிமத்துக்குப் படம் பிடித்ததுபோல.

அப்பா 2017-இல் போனார். அடுத்த வருடம், 2018 ஜூலையில், தாராமகாவில் கார்களுக்கென்று தனியாக இருதடப் பாலம் திறந்துவிட்டார்கள். ரயில் மட்டும் இப்போது பழைய பாலத்தில் போகிறது. நல்லதுதான், ஆபத்து குறைந்தது, அந்த ஊர்க்காரர்கள் எத்தனை வருடம் கேட்டிருப்பார்களோ. ஆனால் ரயிலுக்காக இனி யாரும் அங்கே நிற்கவேண்டியதில்லை.

சரி, உங்கள் அத்தை.

‘காரில் ஏறினால் தூங்கிவிடுவார்’ என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறீர்கள். பள்ளி உணவகத்தில் கடை வைப்பது என்றால் என்ன தெரியுமா? விடிவதற்கு நாலு மணி நேரம் முன்னால் எழவேண்டும். மீ பிரட்டவேண்டும், நாசி லெமாக்குக்குத் தேங்காய்ப்பால் பிழியவேண்டும். இடைவேளை மணி அடித்தால் அரை மணிக்குள் நூறு கை நீளும். அந்த அரை மணிக்குள் விற்றால் உண்டு, இல்லையென்றால் மிச்சம். முப்பது வருடம் அப்படி வாழ்ந்தவர் காரில் தூங்காமல் வேறு என்ன செய்வார்? அவருக்கு முதன்முதலாக ஒரு ரயில் கேட் போட்டிருக்கிறது. தூங்கட்டும்.

புகாக்கி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துங்கள். பாறையை அரைத்துப் பனியாறு கொண்டுவரும் கல்மாவு கரைந்திருப்பதால்தான் அந்தத் தண்ணீர் பால் கலந்த நீலமாக இருக்கிறது, உங்கள் மகள் கேட்பாள், சொல்லுங்கள். 3,724 மீட்டர் ஔராகி எதிரே நிற்கும், மேகம் மனது வைத்தால். அத்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள். ‘அத்தை, பாருங்க, பாருங்க’ என்று உலுக்குவது மரியாதை இல்லை. கதவைச் சற்றுத் திறந்துவையுங்கள், அவராக விழிக்கும்வரை குழந்தைகள் கல் பொறுக்கட்டும். விழித்ததும் அவர் ஏரியைப் பார்க்காமல், கரையோரக் கடையில் சால்மன் மீன் என்ன விலை என்று பார்க்கலாம். சூப்பர்மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு இவ்வளவு பெரிதா என்று இருபது நிமிடம் நிற்கலாம். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். நாளுக்கு ஒரு தடவை அவர் எங்கே சொன்னாலும் வண்டி நிற்கவேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இதை எக்செலில் போடச்சொல்லுங்கள், அவருக்குப் பிடித்த வண்ணத்தில்.

முன் இருக்கை அவருக்கு. நீங்கள் பின்னால் பிள்ளைகளோடு உட்காருங்கள். வழி சொல்லக் கைப்பேசி இருக்கிறது.

பட்டியலிலிருந்து கைக்கோராவையும் டனீடினையும் அடித்துவிடுங்கள். குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபர்டுக்கு ஒரே நாளில் 288 கிலோமீட்டர் போய் 288 கிலோமீட்டர் வருவதாகப் போட்டிருக்கிறாரே, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெ ஆனாவில் இரண்டு இரவு தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் விடுங்கள். டெகாபோ, ஔராகி, வனாகா, ஃபிரான்ஸ் ஜோசஃப், கிரேமவுத், ஆர்தர்ஸ் பாஸ், மறுபடி கிரைஸ்ட்சர்ச். சுமார் 1,300 கிலோமீட்டர். இதற்கே ஒன்பது நாள் போதாது. சொந்தக்காரர்கள் மில்ஃபர்ட் பற்றிக் கேட்டால் மழை என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

உங்கள் அத்தைக்கும் ஒரு வரி, இதை வாசிப்பார் என்பதால். அம்மா, ‘நான் வந்து என்னத்தப் பாக்கப்போறேன்’ என்று இனி சொல்லாதீர்கள். இந்தப் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடும். கம்பளிக் குல்லாய் வாங்கிக்கொள்ளுங்கள், டிசம்பரிலும் அங்கே காலையில் காது வலிக்கும்.

கேம்பர்வேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வேண்டாம். ஐந்து பேருக்கு என்றால் ஒருவராவது ராத்திரி ஏணி ஏறி மேலே படுக்கவேண்டும், அது யார் என்று உங்கள் வீட்டில் இன்னொரு பேச்சு நடக்கும்.

அன்புடன்.